பரிவாகனில் ‘ஃபைனான்ஸ்’ கட்டம்: கடன் பாக்கி உள்ளவரிடம் கார் வாங்குவோருக்கு எவ்வளவு தூரம் கைகொடுக்கும்?

பழைய கார் வாங்குவோருக்கு, மத்திய அரசின் வாகனப் பதிவுத் தளமான பரிவாகனின் வண்டி விவரச் சேவை நல்ல கருவி. காசு கேட்பதில்லை, வீட்டில் உட்கார்ந்தே பார்க்கலாம். ஆனால் அதை மட்டும் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுத்தால், பணம் மாட்டிக்கொள்ளும் வாய்ப்பு அதிகம். விற்பவருக்குக் கடன் நெருக்கடி இருந்தால் ஆபத்து இரட்டிப்பாகிறது. அந்த ஒரு நிலைமையை மனத்தில் வைத்துத்தான் இந்தச் சேவையை இங்கே எடைபோடுகிறோம்.

கைப்பேசி எண்ணைக் கொடுத்து ஓ.டி.பி. போட்டு நுழைந்து, வண்டி எண்ணைத் தட்டினால் போதும். பதிவு நாள், எரிபொருள், இன்சூரன்ஸ் முடியும் நாள், புகைச் சான்று, ஆர்.சி. நிலை, ஃபைனான்ஸ் கொடுத்த நிறுவனம் எல்லாம் வரும். எம்-பரிவாகன் செயலியிலும் இதே தகவல்தான். உரிமையாளர் பெயரைப் பாதி எழுத்துகளை மறைத்துத்தான் காட்டும். ஆகவே விற்பவரின் ஆதாரையும் ஆர்.சி.யையும் பக்கத்தில் வைத்து, தெரிகிற எழுத்துகளையாவது ஒப்பிட்டுப் பாருங்கள். சேஸிஸ் எண்ணின் கடைசி ஐந்து எழுத்துகளையும் வண்டியில் அடித்திருப்பதோடு சரிபார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு நேம் டிரான்ஸ்ஃபருக்கு விண்ணப்பிக்கும்போது தளம் அதைத்தான் கேட்கும்.

இப்போது முக்கியமான கட்டத்துக்கு வருவோம். ஃபைனான்ஸ் இடத்தில் ஒரு வங்கியின் பெயர் இருந்தால் கடன் நிலுவையில் இருக்கிறது என்று உடனே முடிவுகட்ட வேண்டாம். ஐந்து வருடத்துக்கு முன்பே டியூ முழுதும் கட்டிவிட்டு, எச்.பி. கேன்சல் செய்ய, அதாவது ஆர்.சி.யில் உள்ள ஃபைனான்ஸ் பதிவை நீக்க, ஆர்.டி.ஓ. அலுவலகம் பக்கமே போகாதவர்கள் ஏராளம். வங்கி கணக்கை மூடினாலும், கடன் முடிந்ததை அறிவிக்கும் ஃபாரம் 35 பதிவாகும் வரை அந்தப் பெயர் அப்படியே நிற்கும். இடம் காலியாக இருந்தாலும் விற்பவருக்குக் கடனே இல்லை என்று பொருள் ஆகாது. இந்தக் கட்டம் சொல்வது ஒன்றே ஒன்று: இந்த வண்டியின் மேல் ஒரு நிறுவனம் தன் உரிமையைப் பதிவு செய்திருக்கிறதா, இல்லையா. எவ்வளவு பாக்கி, எத்தனை டியூ தவறியிருக்கிறது, வண்டியை எடுக்க உத்தரவு போட்டாகிவிட்டதா, எதுவும் இங்கே வராது.

பெயர் இருக்கிற வண்டியை முதலில் எடுத்துக்கொள்வோம். “டியூவோட எடுத்துக்கங்க, மாசாமாசம் கட்டிட்டு வாங்க, கடைசியில பேரு மாத்திக்கலாம்” என்று சந்தையில் ஒரு பேரம் ஓடுகிறது. விலை குறைவாகத் தெரிவதால் பலரும் தலையாட்டிவிடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டம் 51-ஆம் பிரிவின்படி, ஃபைனான்ஸ் கொடுத்தவரின் எழுத்துபூர்வ ஒப்புதல் இல்லாமல் ஆர்.சி.யில் பெயர் மாறவே மாறாது. நீங்கள் கட்டும் ஒவ்வொரு டியூவும் விற்றவரின் கணக்கில்தான் வரவாகும். நடுவில் அவர் இறந்துவிட்டால், கடன் முடிந்தபின் நிறுவனம் தரும் என்.ஓ.சி. (ஆட்சேபம் இல்லை என்ற சான்று) அவருடைய வாரிசுகளிடம்தான் போகும். வண்டி மோதி நொறுங்கினால், பாலிசி அவர் பெயரில் இருப்பதால் சொந்தச் சேதத்துக்கு உங்களால் கிளெய்ம் வாங்க முடியாது. ஒரு டியூ தவறி வண்டியை எடுக்க ஆள் வந்தால், விற்றவர் கையில் நீங்கள் கொடுத்த பணத்தை நிறுவனம் கணக்கிலேயே எடுத்துக்கொள்ளாது. அடியாட்களை வைத்து வண்டியைப் பறிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2007-இல் ஐ.சி.ஐ.சி.ஐ. வங்கி எதிர் பிரகாஷ் கவுர் வழக்கில் கண்டித்திருக்கிறது. அது வசூல் செய்யும் முறைக்கு வைத்த கடிவாளம். வண்டியின் மேல் அவர்களுக்குள்ள உரிமையை அது அழித்துவிடவில்லை.

விற்பவருக்கும் இதில் பெரிய ஆபத்து உண்டு. பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், விபத்து இழப்பீடு அவர் தலையில்தான் என்று 2018-இல் நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. பெயர் மாற்றத் தயங்கும் விற்பவரிடம் இதை எடுத்துச் சொல்லுங்கள். பெரும்பாலும் பலன் இருக்கும்.

சரியான வழி கடனை முதலில் அடைப்பது. அதிலும் பணம் விற்பவரின் கையைத் தொடவே கூடாது. கடன் நெருக்கடியில் இருப்பவரின் சேமிப்புக் கணக்கில் பணம் விழுந்தால், வேறொரு டியூவுக்கோ கிரெடிட் கார்டுக்கோ அது தானாகவே கழிந்துவிடலாம். அவர் நல்லவராக இருந்தும் உங்கள் பணம் வேறு பக்கம் போய்விடும். ஆகவே விற்பவரையும் கூட்டிக்கொண்டு கடன் கொடுத்த கிளைக்கே போங்கள். ப்ரீ-குளோஷர் கணக்கை, அதாவது கடனை முன்கூட்டி முடிக்க எவ்வளவு கட்ட வேண்டும் என்பதை, எழுத்தில் வாங்குங்கள். அதில் அசல் பாக்கி, அன்றுவரை வட்டி, முன்கூட்டி முடிப்பதற்கான கட்டணம், அதற்கு ஜி.எஸ்.டி., பவுன்ஸ் ஆன டியூக்களுக்கு அபராதம் எல்லாம் தனித்தனியாக இருக்க வேண்டும். எந்த நாள்வரை அந்தத் தொகை செல்லும் என்பதையும் பாருங்கள். இடையில் ஒரு டியூ நாள் வந்து, கணக்கில் பணம் இல்லாமல் திரும்பினால் தொகை ஏறிவிடும். சில நூறு ரூபாய் குறைந்தாலும் கணக்கு மூடாது, என்.ஓ.சி.யும் வராது. டி.டி. எடுப்பதாக இருந்தால் வங்கியின் பெயரோடு கடன் கணக்கு எண்ணையும் சேர்த்தே எடுங்கள்.

அந்தக் கிளையில் இன்னொரு கேள்வியைக் கட்டாயம் கேட்க வேண்டும். பலர் கேட்பதில்லை, ஆனால் அதிகம் பேர் சிக்குவது இங்கேதான். “இந்தக் கார் லோனை முடித்தால் என்.ஓ.சி. கொடுப்பீர்களா, இவருக்கு உங்களிடம் வேறு பாக்கி ஏதாவது இருக்கிறதா?” கடன் ஒப்பந்தங்கள் பலவற்றில், அதே நிறுவனத்தில் உள்ள தனிநபர் கடன், கிரெடிட் கார்டு, ஜாமீன் போட்ட கடன் ஆகியவற்றுக்கும் இந்த வண்டியே ஈடு என்று ஒரு விதி இருக்கும். கார் லோன் சுழியாகிவிட்டாலும் கார்டு பாக்கியைக் காட்டி என்.ஓ.சி.யை நிறுத்தி வைப்பார்கள். பரிவாகனில் இதற்கு ஓர் அறிகுறியும் தெரியாது. வேறு பாக்கி இல்லை, குறிப்பிட்ட தொகை வந்தால் என்.ஓ.சி. தரப்படும் என்று கடிதமோ, வங்கியின் அதிகாரபூர்வ மின்னஞ்சலோ கையில் வந்த பிறகே பணத்தைக் கட்டுங்கள். கவுன்ட்டரில் வாய்ச்சொல்லாகச் சொன்னதை நம்ப வேண்டாம்.

கடன் முழுதும் அடைந்த 30 நாளுக்குள் ஆவணங்களைத் திருப்பிக் கொடுத்து, பதிவேட்டில் உள்ள தன் உரிமையையும் நீக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2023 செப்டம்பர் 13 அன்று உத்தரவிட்டது. அது அந்த ஆண்டு டிசம்பர் 1 முதல் அமலில் இருக்கிறது. சொந்த உபயோகத்துக்கு எடுத்த கார் கடனும் இதில் அடங்கும். நிறுவனத்தால் தாமதம் என்றால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு தர வேண்டும். அது கடன் வாங்கியவருக்குப் போகும் பணம், உங்களுக்கு அல்ல. என்றாலும் கிளையில் காரியம் நகரவில்லை என்றால், விற்பவர் கையெழுத்தில் இந்த உத்தரவைக் குறிப்பிட்டு ஒரு புகார் கொடுக்கச் சொல்லுங்கள்.

பணத்தைப் பிரித்துக் கொடுக்கும் விதத்துக்கு ஓர் உதாரணம். பேசிய விலை 4,50,000, வங்கிப் பாக்கி 1,80,000 என்று வைத்துக்கொள்வோம். ஒப்பந்தம் எழுதும்போது அட்வான்ஸ் 10,000. பெயர் மாற்றத்துக்கான ஃபாரம் 29, 30, அவற்றோடு ஃபாரம் 35, மூன்றிலும் விற்பவரின் கையெழுத்தை வாங்கிக்கொண்டு, 1,80,000-ஐ நேராகக் கடன் கணக்கில் கட்டுவது. வங்கி முத்திரையோடு ஃபாரம் 35 இரண்டு பிரதியும் என்.ஓ.சி.யும் கைக்கு வந்ததும் 2,00,000 கொடுத்து, நாளும் நேரமும் எழுதிய டெலிவரி நோட்டோடு வண்டியையும் இரண்டு சாவியையும் எடுத்துக்கொள்வது. மீதி 60,000, பரிவாகனில் உங்கள் பெயர் ஏறிய பிறகு. எல்லாமே வங்கி வழியாகத்தான். விற்பவர் பிறகு திவால் மனு போட்டாலும், நியாயமான விலைக்கு நல்லெண்ணத்தோடு வாங்கியவர் என்று நிற்க உங்களுக்கு இந்த ரசீதுகள்தான் துணை. அடிமாட்டு விலைக்கு, ரொக்கமாக வாங்கியவருக்கு அந்தத் துணை கிடைக்காது.

எச்.பி. கேன்சலையும் நேம் டிரான்ஸ்ஃபரையும் ஒரே விண்ணப்பத்தில் சேர்த்துப் போடலாம். விற்பவர் மேல் முழு நம்பிக்கை இல்லையென்றால், எச்.பி.யைத் தனியாக முதலில் நீக்கச் சொல்வதே எங்கள் பரிந்துரை. ஃபைனான்ஸ் கட்டம் காலியானதைக் கண்ணால் பார்த்துவிட்டு அடுத்த தவணையைக் கொடுக்கலாம். என்.ஓ.சி.யில் செல்லுபடி நாள் இருக்கும், பெரும்பாலும் மூன்று மாதம். அதற்குள் முடியுங்கள்.

நீங்களே யூஸ்டு கார் லோன் எடுப்பதாக இருந்தால் வேலை சுலபம். புதிதாகக் கடன் கொடுக்கும் நிறுவனமே பழைய கடனை நேரடியாக அடைத்து, புதிய கடனைப் பதிவு செய்யும் ஃபாரம் 34 வழியாகத் தன் பெயரை ஏற்றிக்கொள்ளும். வட்டி கூடுதல்தான். ஆனால் சரிபார்க்கும் தலைவலியில் பாதி அவர்களுடையதாகிவிடும்.

ஃபைனான்ஸ் கட்டம் காலியாக இருக்கும் வண்டியில்தான் இந்தச் சேவை நம்மைக் கைவிடுகிறது. நம் ஊர்களில் கைமாற்றுக் கடனுக்கு ஆர்.சி. புக்கையும் ஒரு சாவியையும் வாங்கி வைத்துக்கொண்டு, தேதி போடாத ஃபாரம் 29, 30-இல் கையெழுத்தும் வாங்கிக்கொள்ளும் உள்ளூர் ஃபைனான்ஸ்காரர்கள் உண்டு. இவை எதுவும் ஆர்.டி.ஓ. பதிவுக்குப் போவதில்லை. ஆகவே அசல் ஆர்.சி. எங்கே, இரண்டாவது சாவி எங்கே என்று முதல் நாளே கேளுங்கள். “தொலைஞ்சு போச்சு, டூப்ளிகேட் போட்டுத் தர்றேன்” என்ற பதில் வந்தால் கொஞ்சம் நிதானியுங்கள். உண்மையிலேயே தொலைந்திருக்கலாம். ஆனால் ஆர்.சி.யும் சாவியும் சேர்ந்து தொலைவது அரிது. விற்பவரின் வீட்டுப் பக்கத்திலும், வழக்கமாக வண்டி விடும் மெக்கானிக்கிடமும் விசாரித்தால் பெரும்பாலும் விஷயம் வெளியே வரும்.

கடன் கொடுத்தவர் கோர்ட்டுக்குப் போய் வண்டியை ஜப்தி செய்திருந்தால் இன்னும் சிக்கல். உரிமையியல் நடைமுறைச் சட்டம் 64-ஆம் பிரிவின்படி, ஜப்திக்குப் பிறகு நடந்த விற்பனை அந்தக் கடனைக் கொடுத்தவருக்கு எதிராகச் செல்லாது. உத்தரவு ஆர்.டி.ஓ.வுக்கு வந்து சேர்ந்திருந்தால் மட்டுமே தளத்தில் பிளாக்லிஸ்ட் குறிப்பு இருக்கும். வராமல் இருந்தால் இருக்காது. விற்பவரின் பெயரைக் கொண்டு இ-கோர்ட்ஸ் தளத்தில் அந்த மாவட்டத்தின் வழக்குகளைத் தேடிப் பாருங்கள், பத்து நிமிட வேலை. ஒப்பந்தத்திலும் “இந்த வண்டி மீது வேறு கடனோ, ஈடோ, ஜப்தியோ இல்லை, இருந்தால் முழுப் பொறுப்பும் என்னுடையது” என்று ஒரு வரி இருக்கட்டும். பொய் சொல்லி விற்றிருந்தால், மோசடிப் புகாருக்கு அந்த வரி வலு சேர்க்கும்.

இ-சலான் (போக்குவரத்து அபராதம்) பாக்கியைத் தனித் தளத்தில் பார்க்க வேண்டும். அங்கே இல்லாவிட்டால், சலான்களை ஆன்லைனில் விசாரிக்கும் மெய்நிகர் நீதிமன்றத்துக்குப் போயிருக்கிறதா என்றும் பாருங்கள். திருட்டு வண்டியா என்பதற்கு, தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் வாகன் சமன்வய் சேவை இருக்கிறது.

பழைய வண்டி வாங்கி விற்கும் கன்சல்டிங் கடை வழியாக வாங்கினால், 2023 ஏப்ரல் 1 முதல் அமலான விதிகளின்படி அந்தக் கடைக்கு ஆர்.டி.ஓ. அங்கீகாரச் சான்று, அதாவது ஃபாரம் 29பி, இருக்கிறதா என்று கேளுங்கள். விற்பவர் வண்டியைக் கடையில் ஒப்படைத்ததை ஃபாரம் 29சி வழியாகத் தளத்தில் தெரிவித்திருந்தால், பொறுப்பேற்க ஓர் ஆள் கண்ணெதிரே இருப்பார். அது இல்லாத கடை வெறும் புரோக்கர்தான். பணத்தை அங்கேயும் கடன் கணக்கு வழியாகவே செலுத்துங்கள்.

வண்டி கைமாறிய 14 நாளுக்குள் இன்சூரன்ஸை உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள். கிளெய்ம் வாங்காத வருடங்களுக்குப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடியான நோ-கிளெய்ம் போனஸ் விற்றவருக்கே சொந்தம், அதற்கான வித்தியாசத் தொகையை நீங்கள் கட்ட வேண்டியிருக்கும். பழைய ஃபாஸ்டேகை விற்பவர் மூடினால்தான் அதே வண்டி எண்ணுக்கு உங்கள் பெயரில் புதிய டேக் கிடைக்கும். வண்டியை எடுக்கும் அன்றைக்கே, அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதை முடித்துவிடுங்கள்.