தோட்டக் கொட்டகைச் சுவரில் ஓதம்: உள்ளே பூசுவதா, வெளியே தடுப்பதா?

தோட்டக் கொட்டகையின் சுவரில் ஓதம் தெரிந்ததும் பலரும் முதலில் நாடுவது, உட்புறம் அடிக்கும் வாட்டர்ப்ரூஃப் பெயிண்டைத்தான். வேலை விரைவில் முடியும், சுவரும் புதிதுபோல் ஆகிவிடும். ஆயினும் ஒற்றைச் செங்கல் கனத்தில் எழுப்பிய சுவருக்கு இதை நான் பரிந்துரைக்கமாட்டேன். மழையிலோ தரையிலிருந்தோ செங்கல்லுக்குள் புகுந்த நீர் உட்பக்கமாக ஆவியாகும் வழி அடைபடுவதால் பெயிண்டுக்குப் பின்னால் தேங்குகிறது; அதில் கரைந்துவந்த உப்பு அங்கேயே படிகமாகி, பெயிண்டோடு செங்கல்லின் மேற்பரப்பையும் உரித்தெடுக்கிறது. உள்ளே பூச்சு வேண்டும் என்பவர்களுக்குச் சிமெண்டைவிடச் சுண்ணாம்புக் காரையே மேல், ஏனெனில் அது ஈரத்தை வெளியேற விடுகிறது.

வெளிப்புற வேலைகள் கண்ணுக்கு எடுப்பாகத் தெரிவதில்லை. ஆனால் ஓதத்தின் வேர் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது. சுவரை ஒட்டிக் குவிந்த மண்ணை, ஈரத்தடுப்புப் படலத்துக்கு (தரை ஈரம் மேலேறாமலிருக்கச் சுவரின் அடிப்பகுதியில் செங்கல் வரிகளுக்கிடையே வைக்கும் அடுக்கு) 15 செ.மீ. கீழே இருக்கும்படி வெட்டி இறக்குவதற்கும், கூரைநீரைக் குழாய் வழியே தொலைவில் கொண்டுபோய் விடுவதற்கும் உழைப்பைத் தவிரப் பெரிய செலவில்லை. அதற்குப் பிறகும் மழைச்சாரல் ஊறினால், விரிசல்களை அடைத்துவிட்டு, சிலேன் அல்லது சிலாக்சேன் கலந்த நீர்விலக்கியை வெளிச்சுவரில் பூசலாம். இது மழைநீரை உள்ளே விடாது, ஆனால் ஆவி வெளியேறுவதைத் தடுக்காது. தரையிலிருந்து ஏறும் ஈரத்துக்கு இது மருந்தல்ல.

காற்றிலுள்ள ஈரம் குளிர்ந்த சுவரில் படிவதாலும் ஓதம்போலத் தோன்றும். ஈயத்தாள் என்று நாம் சொல்லும் அலுமினியத் தாளின் ஒரு துண்டைச் சுவரில் நான்கு பக்கமும் ஒட்டி, ஓரிரு நாள் கழித்துப் பார்க்க வேண்டும்: நம்மை நோக்கிய பக்கத்தில் நீர் கோத்திருந்தால் அது காற்றின் ஈரம், சுவரை நோக்கிய பக்கத்தில் இருந்தால் சுவரின் ஈரம். காற்றின் ஈரத்துக்கு ஒரு சுவரில் தாழ்வாகவும் எதிர்ச்சுவரில் உயரமாகவும் வைக்கும் காற்றுத்துளைகள் பெரும்பாலும் போதும். இடுக்குகள் நிறைந்த கொட்டகையில் டிஹியூமிடிஃபையர் வெளிக்காற்றையே ஓயாமல் உலர்த்திக்கொண்டிருக்கும் என்பதால், அதற்கு மின்சாரம் செலவிடுவதை நான் ஏற்கவில்லை.

எதைத் தேர்ந்தாலும், நனைந்த செங்கல் சுவர் 25 மி.மீ. கனத்துக்கு ஏறத்தாழ ஒரு மாதம் என்ற கணக்கில்தான் உலரும். அதுவரை புதுப்பூச்சு வேண்டாம். அலமாரிகளையும் மூட்டைகளையும் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளியே வைக்க வேண்டும்.