புல்தரை நோயைக் கம்போஸ்ட்டால் தீர்ப்பதாகச் சொல்லி வருபவர்கள்: கோவைக் குடியிருப்புகள் கவனத்துக்கு

கோவையில் குடியிருப்புச் சங்கம் நடத்துபவர்களும் வீட்டில் லான் வைத்திருப்பவர்களும் இதைப் படித்துவிடுங்கள். "மருந்தே வேண்டாம், எங்க கம்போஸ்ட் போட்டா எல்லா நோயும் போயிடும்" என்று சொல்லி ஒரு தோட்டப் பராமரிப்பு நிறுவனம் எங்கள் சங்கத்திடம் பணம் வாங்கியது. இருந்த புல்லில் பாதி இப்போது இல்லை.

எங்களுடையது கொரியன் புல். ஐப்பசி மழை பிடித்ததும் வட்ட வட்டமாகப் பழுத்தது. வட்டத்தின் ஓரத்துப் புல் செம்மஞ்சளாக இருக்கும், இழுத்தால் அடி அழுகிக் கையோடு வந்துவிடும். இது ரைசாக்டோனியா என்ற பூஞ்சையின் வேலை. நிறுவனத்திலிருந்து வந்தவர் குனிந்துகூடப் பார்க்கவில்லை. "அமெரிக்காவுல யுனிவர்சிட்டியே நிரூபிச்சதுங்க சார், பயப்படாதீங்க" என்றார்.

அவர் சொன்னதில் ஒரு உண்மை இருக்கிறது, அதுதான் எனக்கு அதிக வேதனை. கார்னெல் பல்கலைக்கழகத்தில் எரிக் நெல்சன் 1990களின் தொடக்கத்திலேயே, சில கம்போஸ்ட்டுகளைச் சலித்து மெல்லிசாகத் தூவினால் கோல்ஃப் புல்லில் நாணயம் போல் சிறு வட்டங்களாக வெளுக்கும் டாலர் ஸ்பாட் என்ற நோய் குறைகிறது என்று காட்டினார். சில வகைதான், எல்லாம் இல்லை. ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஹாய்டிங்க் என்ற தாவர நோய் ஆய்வாளர் இதன் உள்விவரத்தையே பிரித்துச் சொன்னார். நன்றாக மக்கிய உரத்தில் டிரைக்கோடெர்மா போன்ற நல்ல பூஞ்சைகள் ரைசாக்டோனியாவைத் தாக்கி அழிக்கும். மக்காத குப்பையில் சர்க்கரையும் செல்லுலோசும் மிச்சமிருப்பதால் நல்ல பூஞ்சை அதையே தின்றுகொண்டு சும்மா இருந்துவிடும். நோய்ப் பூஞ்சையும் அதே குப்பையில் கொழுக்கும். ஆக, மக்கியதா இல்லையா என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

எங்களுக்கு வந்தது எந்த எழுத்தும் இல்லாத வெள்ளைச் சாக்குகள். பிரித்ததும் அமோனியா கண்ணைக் கரித்தது. எங்கள் தோட்டக்கார அண்ணன் கையை உள்ளே விட்டுப் பார்த்துவிட்டு, "உள்ள சுடுதுங்க சார், இது இன்னும் மக்கவே இல்லை" என்றார். வந்த ஆட்கள் கேட்கவில்லை. கோழி எருவும் பச்சைத் தென்னை நார்க்கழிவும் கலந்த அந்தக் குப்பையைப் புல் மறையும் அளவுக்குக் கொட்டிப் பரப்பிவிட்டுப் போனார்கள். கால் அங்குலத்துக்கு மேல் போட்டாலே புல் மூச்சுத் திணறும். அதோடு, மழைக்காலத்தில் கோழி எருவின் தழைச்சத்து இந்த நோய்க்குத் தீனி. டாலர் ஸ்பாட் தழைச்சத்துக் குறைவில் வரும், அதற்கு உரம் உதவும். எங்கள் நோய்க்கு அது நேர் எதிர். என்ன நோய் என்று பார்க்காமல் ஒரே மூட்டையை விற்பதே மோசடிதான்.

சில நாட்களில் வட்டங்கள் ஒன்றோடொன்று சேர்ந்தன. நன்றாயிருந்த இடமும் உப்பில் காய்ந்தது. கூடவே கோரைக்கிழங்கு வேறு வந்து சேர்ந்தது. அதை ஒழிப்பது எவ்வளவு பாடு என்று தோட்டம் வைத்தவர்களுக்குத் தெரியும்.

மீந்த சாக்கை ஆய்வகத்துக்கு அனுப்பினோம். உரக் கட்டுப்பாட்டு ஆணை நகரக் கம்போஸ்ட்டுக்கு வைத்திருக்கும் வரம்பு, உப்பின் அளவான மின்கடத்துதிறன் மீட்டருக்கு 4 டெசிசீமன்ஸுக்குள், கரி–தழைச்சத்து (கார்பன்–நைட்ரஜன்) விகிதம் 20க்குள், கெட்ட வாடை கூடாது. எங்கள் சாக்கில் உப்பு, விகிதம் இரண்டுமே வரம்பைத் தாண்டியிருந்தன. பச்சை நார்க்கழிவில் அந்த விகிதம் 100க்கு மேலேயே இருக்கும், அதனால் எனக்கு ஆச்சரியமில்லை.

பணத்தைக் கேட்டால், "45 நாள் பொறுங்க சார், மண்புழு வேலை செய்யணும்" என்றார்கள். அப்புறம் போனையே எடுப்பதில்லை. பில்லில் "தோட்டப் பராமரிப்புக் கட்டணம்" என்று மட்டும்தான் இருக்கிறது, உரம் என்ற சொல்லே கிடையாது. இது தெரிந்தே செய்தது என்றுதான் நினைக்கிறேன். வேளாண் துறையின் உர ஆய்வாளரிடம் ஆய்வறிக்கையோடு மனு கொடுத்திருக்கிறோம். நுகர்வோர் உதவி எண் 1915லும் பதிவு செய்தாயிற்று.

உங்களிடம் வந்தால் பில்லில் உரத்தின் பெயரும் மூட்டை எண்ணிக்கையும் எழுதச் சொல்லுங்கள். டிரைக்கோடெர்மா கலந்தது என்றால் மத்தியப் பூச்சிக்கொல்லி வாரியத்தின் பதிவு எண்ணைக் கேளுங்கள். டிரைக்கோடெர்மா விரிடி 1 சதவீதத் தூளில் கிராமுக்குக் குறைந்தது 20 லட்சம் உயிரணுக்கள் இருக்க வேண்டும். அதுவும் இல்லை, இதுவும் இல்லை என்றால் விட்டுவிடுங்கள்.

அட்வான்ஸ் கொடுக்கும் முன் ஒரு கிலோ மாதிரி வாங்கி ஈரமாக்கிப் பிளாஸ்டிக் பையில் கட்டி சில நாள் வையுங்கள். திறக்கும்போது புளித்த வாடையோ அமோனியாவோ வந்தால் மக்கவில்லை. இன்னொரு கைப்பிடியில் கீரை விதை தூவிப் பாருங்கள், முளைத்து வேர் வெளுப்பாக இறங்க வேண்டும். சரி, இதற்கெல்லாம் நேரமில்லை என்று அவர்கள் அவசரப்படுத்தினால் வண்டியை வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள். எங்கள் பகுதிக்குப் பிறகு இதே ஆட்கள் சரவணம்பட்டி பக்கம் சுற்றுகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். யாருக்காவது இதே வெள்ளைச் சாக்கு வந்திருந்தால் கீழே எழுதுங்கள், மனுவில் உங்களையும் சேர்த்துக்கொள்கிறோம்.