மாச்சியாவில் இசகாயா: கரியா, கேஸா?

கியோட்டோவின் பழைய மர வீடான மாச்சியாவை இசகாயாவாக (மதுவும் சிற்றுணவும் தரும் ஜப்பானியக் கடை) மாற்றுகிறவர்கள் முதலில் முடிவு செய்ய வேண்டியது யாகிதோரி (குச்சியில் கோத்துச் சுடும் கோழிக்கறி) அடுப்பை. நாங்கள் கேஸ் பக்கம்.

ருசியில் பின்சோதான் என்னும் கடினமான ஜப்பானிய மரக்கரிக்குத்தான் முதலிடம், அதில் வாதமில்லை. ஆனால் புகை வாசம் என்று ரசிப்பதில் பெரும்பகுதி, கோழிக் கொழுப்பு அனலில் சொட்டி எழுவது. பர்னர் கீழே இருந்தால் கேஸிலும் அது வரும். மேலிருந்து அனல் தரும் மாடலில் புகையும் குறையும், வாசமும் போய்விடும். மின் அடுப்பில் எங்களுக்குப் பழக்கம் குறைவு.

முடிவைத் தீர்மானிப்பது கடை மூடிய பிறகு நடப்பதுதான். கேஸ் வால்வை மூடினால் தீ நின்றது. பின்சோதான் மணிக்கணக்கில் கனன்றுகொண்டே இருக்கும். புகை தெரியாததால் அணைந்ததாக எண்ணி எக்சாஸ்டை நிறுத்திவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு பாத்திரம் கழுவினால் கார்பன் மோனாக்சைடு சேரும். தலைவலியில் தொடங்கி மயக்கத்தில் முடியும். கங்குகளை இறுக மூடும் ஜாடியில் போட்டு மூச்சடைத்து அணைக்க வேண்டும். சாம்பலை நேராகப் பிளாஸ்டிக் குப்பைத்தொட்டியில் கொட்டினால், உள்ளே ஒளிந்திருக்கும் ஒரு கங்கு போதும், நள்ளிரவில் பற்றிக்கொள்ள.

சுவர் விஷயத்தில் இரண்டுக்கும் ஒரே விதி. எவர்சில்வர் தகட்டை மரத்தோடு ஒட்டி அடிப்பது பாதுகாப்பல்ல. தகடு கடத்தும் சூடு நாள்தோறும் ஏறி, பின்னாலுள்ள மரம் மெல்லக் கரியாகும். பல வருஷம் கழித்து, சுடர் படாமலே பற்றும். தகட்டுக்குப் பின்னால் காற்றோட இடைவெளி விடுங்கள். எக்சாஸ்டின் புகைக்குழாய்க்கும் மரத்துக்கும் குறைந்தது 10 செ.மீ. வேண்டும். கரியென்றால் பொறியும் மேலே போகும். குழாயில் படிந்த எண்ணெய்ப் பிசுக்கு அதற்கு நல்ல தீனி.

கேஸில் எரிச்சலூட்டுவது பர்னர்தான். கொழுப்பு சொட்டித் துளைகள் அடைபட்டால் சுடர் மஞ்சளாகி, கறியில் புகைக்கரி ஒட்டும். இரவே சூடு ஆறியதும் துளைகளைக் கம்பித் தூரிகையால் தேய்த்துவிட வேண்டும். கேஸ் என்பதற்காக அசட்டையும் கூடாது: 2016 டிசம்பரில் ஜப்பானின் இதோயிகாவா நகரில் ஒரு ராமென் (நூடுல்ஸ்) கடையில் அணைக்காமல் விட்ட அடுப்பால் 147 கட்டடங்களுக்குத் தீ பரவியது. அதன் பிறகு, 2019 அக்டோபரிலிருந்து, தீ மூட்டும் சிறு உணவகங்களுக்கும் தீயணைப்பான் கட்டாயம்.

சமையலறை பழைய இடத்திலேயே, கூரைவரை திறந்திருக்கும் உயரமான வெளியான ஹிபுகுரோவுக்கு அடியில், மண் அல்லது சிமென்ட் தரையில் இருந்து, இரவு கடைசி ஆள் கங்கு அணையும்வரை காத்திருப்பார் என்றால் கரியைத் தாராளமாக வைக்கலாம்.