தொகுப்பா, தனித்தாளா: கல்லடியில் காட்சிக்கவிதை சேர்த்தல்

எழுத்தையே படமாக நிறுத்தும் கொங்கிரீட் கவிதைகளைச் சேர்க்க நினைப்பவருக்கு முதலில் வரும் கேள்வி, தொகுப்புப் புத்தகங்களை வாங்குவதா, சிறு பதிப்பகங்கள் அச்சிட்ட தனித்தாள்களையும் அட்டைகளையும் தேடுவதா என்பதுதான். ஐந்து வருடமாக இரண்டையும் வாங்கிப் பார்த்தேன். இப்போது தாளின் பக்கம் நிற்கிறேன்.

காசுக்குப் புத்தகம்தான் மலிவு, அதில் பேச்சில்லை. எம்மெட் வில்லியம்ஸ் தொகுத்து 1967இல் வந்த நூலின் மறுபதிப்பு ஒன்று கையில் இருந்தால் பல நாட்டுக் கவிஞர்களையும் சேர்த்துப் பார்த்துவிடலாம். புத்தகத்தில் கிடைக்கும் விளக்கமும் முக்கியம். யூஜென் கோம்ரிங்கரின் ‘மௌனம்’ கவிதைக்கு உரை தேவையில்லை. ஒரே சொல் 14 தடவை, நடுவில் ஒரு வெற்றிடம், அவ்வளவுதான். ஆனால் பிரேசிலின் நொய்காந்ரெஸ் குழுவினர் போர்த்துக்கேயச் சொற்களை உடைத்து விளையாடும் இடத்தில் குறிப்பு இல்லாமல் எனக்கு ஒன்றும் பிடிபடாது.

சரி, அப்புறம் ஏன் தாள்? இந்தக் கவிதை ஒரே பார்வையில் முழுதாகக் கண்ணில் விழவேண்டியது. 1956இல் சாவோ பாவுலோவில் நடந்த கொங்கிரீட் கலைக் கண்காட்சியில் கவிதைகளையும் ஓவியங்களோடு சேர்த்துச் சுவரில் மாட்டினார்கள். தண்டியலங்காரம் என்ற அணியிலக்கண நூல் சொல்லும் நாகபந்தத்தை நினைத்துப் பாருங்கள், பின்னிய பாம்புகளின் உருவத்துக்குள் இரு பாடலை எழுதுவது அது. பாம்புகள் பின்னும் சந்தியில் நிற்கும் எழுத்து இரு பாடலுக்கும் பொது. அந்த எழுத்து புத்தகத்தின் நடு மடிப்புக்குள் போய்விட்டால் பந்தமே அவிழ்ந்துபோகும்.

ஆனாலும் என் மனதை மாற்றியது பராமரிப்புத்தான். மட்டக்களப்பின் கல்லடியில் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. மாரி தொடங்கினால் தை வரைக்கும் சுவர்கூட வியர்க்கும். காற்றின் ஈரப்பதம் 65 வீதத்தைத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கும். இங்கே மாரியில் அதைத் தாண்டாத நாள்தான் அபூர்வம். புத்தகம் நூற்றுக்கணக்கான தாள்களை இறுக்கிப் பிடித்து அந்த ஈரலிப்பை உள்ளே வைத்துக்கொள்கிறது. அட்டையும் பசையும் இராமபாணப் பூச்சிக்கு நல்ல தீனி. வெளியே பளபளவென்று நின்ற ஒரு தொகுப்பைத் தையில் திறந்தபோது முதுகுப் பக்கமாக இருபது பக்கம் பழுப்புப் புள்ளி. “அலுமாரிக்குள்ள பூட்டி வெச்சா புத்தகத்துக்கு மூச்சு முட்டும் மச்சான்” என்று நூலகத்தில் வேலைசெய்யும் நண்பன் முன்பே சொல்லியிருந்தான்.

தாளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கலாம், காற்றாட விடலாம், ஒன்று கெட்டால் அதை மட்டும் பிரித்து வைக்கலாம். நான் தெளிவான பொலியெஸ்டர் உறையில் இட்டு, அமிலமில்லாத அட்டைப் பெட்டியில் படுக்கையாக வைத்து, சிலிக்கா ஜெல் பைகளோடு மூடுகிறேன். ஜெல்லை மாதம் ஒருமுறை சூடாக்கி உலர்த்தினால் மறுபடி பாவிக்கலாம். கடையில் கிடைக்கும் பீ.வீ.சீ. உறை வேண்டாம், நாள்பட அது மையோடு ஒட்டிக்கொள்ளும். கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டுவதென்றால் தாளும் கண்ணாடியும் தொடாதபடி இடைவெளி விடுங்கள். எனக்கு மாட்டவே மனமில்லை, எங்கள் வீட்டு வெளிச்சமும் உப்புக்காற்றும் அப்படி.

எல்லாத் தாளும் ஒன்றல்ல. ஸ்கொட்லாந்தில் கவிஞர் இயன் ஹமில்டன் ஃபின்லே, ஜெஸி மக்கபியுடன் சேர்ந்து 1961இல் தொடங்கிய வைல்ட் ஹோதோர்ன் பதிப்பகம் ஏராளமான அட்டைகளை வெளியிட்டது. தடித்த அட்டையில் நல்ல அச்சு என்றால் இங்கேயும் தாங்கும். மலிவுக் கடதாசியில் உருட்டச்சில் வந்த இதழ்த் தாள்கள் எந்த உறைக்குள் வைத்தாலும் மஞ்சளிக்கத்தான் செய்யும், அந்த அமிலம் கடதாசிக்குள்ளேயே இருக்கிறது. லெட்ராசெட் என்ற, தேய்த்து ஒட்டும் எழுத்தில் செய்த மூலப்பிரதி என்னிடம் ஒன்றே ஒன்று, அதுவும் இரண்டு மாரிதான் கண்டிருக்கிறது. எழுத்து இன்னும் உரியவில்லை. அதை வைத்து யாருக்கும் வாங்கச் சொல்ல மாட்டேன்.

மறுவிற்பனை பற்றி என் அனுபவம் மெலிது. இதுவரை ஒன்றும் விற்கவில்லை, இந்தப் பக்கம் வாங்குவாரும் இல்லை. வெளிநாட்டுக்கு அனுப்புவதென்றால் ஒரு தாள் கடித உறைக்குள் அடங்கிவிடும், கனத்த தொகுப்புக்குத் தபால் செலவே கையைக் கடிக்கும்.

ஒரேயொரு தொகுப்பு மட்டும் வைத்திருக்கிறேன், அந்த 1967 நூலின் மறுபதிப்பு. அலுமாரிக்குள் இல்லை, மேசையில். தினமும் புரட்டுவதால் இதுவரை அதில் புள்ளி விழவில்லை.