மாவு தீர்ந்த பிறகு மிஞ்சும் பை

மயிலாப்பூர் மாட வீதிக் கடையொன்றில் அச்சிட்ட பருத்திப் பையில் ஐந்து கிலோ கோதுமை மாவை 410 ரூபாய்க்கு வாங்கினேன். அதே மாவு காகித உறையில் 350 ரூபாய்க்கே கிடைத்தும் இதை எடுத்ததற்குக் காரணம், பையின் மேலிருந்த மயிலும், காலியானதும் குழந்தைக்குச் சட்டை தைக்கலாம் என்ற வாசகமும்தான். மாவில் குறையில்லை, சப்பாத்தி இரவு வரை மிருதுவாகவே இருந்தது. கூடுதல் 60 ரூபாய் பைக்கு என்பதால் பையைத்தான் மதிப்பிட வேண்டும்.

சட்டை தைக்கும் யோசனை பழையது. அமெரிக்காவில் முன்பு மாவு மரப்பீப்பாய்களில் சென்றது. 19ஆம் நூற்றாண்டில் தையல் இயந்திரம் வந்து, பாரம் தாங்கும் தையல் கைகூடிய பிறகே துணி மூட்டை அந்த இடத்தைப் பிடித்தது. ஆயினும் அளவு பீப்பாயை விட்டு நகரவில்லை: ஒரு பீப்பாய் 196 பவுண்டு, மூட்டைகளோ அதில் பாதியான 98, காலான 49. காலி மூட்டையைத் துண்டாகவும் உள்ளாடையாகவும் தைத்த பெண்கள், ஆலையின் பெயரைப் போக்க அச்சின் மேல் கொழுப்போ மண்ணெண்ணெயோ தடவி, இரவெல்லாம் ஊறவைத்துக் கசக்க வேண்டியிருந்தது. முதல் உலகப் போரில் நிவாரண மாவு பெற்ற பெல்ஜியப் பெண்கள் மட்டும் அப்பெயரை அழிக்காமல், அதன் மேலேயே பூவேலை செய்து நன்றியாகத் திருப்பி அனுப்பினார்கள்.

ஆலைகள் விழித்துக்கொண்டது 1925 வாக்கில். செயின்ட் லூயிஸ் நகர ஆலையொன்று 'கிங்கம் கேர்ள்' என்ற பெயரில், உடை தைக்கத் தகுந்த கட்டம் போட்ட துணியிலேயே மாவை அடைத்து விற்றது. அடுத்த பத்தாண்டுகளில் பூ அச்சுகள் பெருகின. ஆலையின் பெயரோ நீரில் கரையும் மையிலோ, ஊறவைத்தால் கழன்றுவிடும் காகிதச் சீட்டிலோ ஒதுங்கியது. ஓர் உடைக்கு ஒரே அச்சில் இரண்டு மூன்று மூட்டைகள் வேண்டும் என்பதால், பெயரை மறைத்த ஆலைக்கே வாடிக்கை திரும்பி வந்தது.

நான் வாங்கிய பையில் இந்தக் கணக்கு தலைகீழாகியிருக்கிறது. வாய்த் தையல் நன்று. சரியான முனையைப் பிடித்திழுத்தால் நூல் சரசரவென ஒரே இழையாக வந்துவிடுகிறது. உள்ளே கைவிட்டால் மாவு மறுபடியும் பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கிறது. பையை இருமுறை துவைத்தேன். மயிலின் பச்சை வாளித் தண்ணீரில் கரைந்து, கழுத்து மட்டும் சாம்பல் நிறத்தில் நிற்க, நிறுவனத்தின் பெயரும் தொலைபேசி எண்ணும் புதிதுபோல் பளிச்சிடுகின்றன. கல்யாண வீட்டு மஞ்சப்பையில் ஜவுளிக்கடைப் பெயர் நிற்பதை யாரும் குறைசொல்வதில்லை, அது இலவசம். குழந்தையின் முதுகில் தொலைபேசி எண் நிற்பது வேறு.

பை இப்போது தோசைக்கல்லை இறக்கும் பிடிதுணியாக இருக்கிறது. மாவை மறுபடி வாங்குவேன், காகித உறையில்.