ஜோடி பிரிந்த சண்டை: பிளேஸ்டேஷனில் எக்ஸ்-மென் வெர்சஸ் ஸ்ட்ரீட் ஃபைட்டர்

பம்பலப்பிட்டியில் காலி வீதியோரம் இருந்த ஒரு கேம் கடையில்தான் இந்தச் சண்டை விளையாட்டைப் பழகினேன். ஒவ்வொருவரும் இரண்டு பேரைத் தேர்ந்தெடுக்க வேண்டும், ஒருவர் சண்டைபோட மற்றவர் வெளியே காத்திருப்பார். பலத்த குத்தையும் பலத்த உதையையும் ஒன்றாக அமுக்கினால், வெளியே நிற்கும் ஜோடி எதிராளியின் மேல் பாய்ந்து உள்ளே வரும். அடிபட்டவர் வெளியே போய் நிற்பார். அவருடைய உயிர்க்கோட்டில் சிவப்பாகக் கிடக்கும் பகுதி மெல்ல மெல்ல நிரம்பும். எப்போது மாற்றுவது, எதிராளி எப்போது மாற்றுவான் என்று கணக்குப் போடுவதிலேயே சண்டையின் உயிர் இருந்தது. ரவுண்டு கிடையாது, ஒரு பக்கத்தில் இரண்டு பேரும் விழும்வரை ஒரே சண்டை. நான் எடுப்பது வுல்வரின், சின்னம்மாவின் மகனான தம்பி எடுப்பது எப்போதும் தால்சிம்.

ஆர்கேடில், அதாவது கடைகளில் காசு போட்டு ஆடும் மெஷினில், 1996இல் வந்த விளையாட்டு 1998இல் பிளேஸ்டேஷனுக்கு வந்தது. மாமா அமெரிக்காவிலிருந்து மெஷினையும் டிஸ்க்கையும் சேர்த்தே கொண்டுவந்தார். வீட்டுக் கரண்டுக்குத் தனியாக ஒரு டிரான்ஸ்ஃபார்மர் வாங்கினோம். எங்கள் டிவிக்கு இங்குள்ள PAL வண்ண முறை மட்டும்தான் தெரியும், அமெரிக்க மெஷினின் முறை வேறு, அதனால் படம் கறுப்பு வெள்ளையில் ஓடியது. அது பரவாயில்லை, வேறு டிவி வந்ததும் சரியாகிவிட்டது.

சரியாகாதது வேறு. முதல் சண்டையிலேயே தம்பி பழக்கத்தில் அந்த இரண்டு பொத்தான்களையும் அமுக்கினான். யாரும் வரவில்லை. திரும்பத் திரும்ப அமுக்கினான். "அண்ணா, கண்ட்ரோலர் பழுதா?" என்று கேட்டான். கண்ட்ரோலரில் ஒரு பிழையும் இல்லை. ஆள் மாற்றத்தையே எடுத்துவிட்டிருந்தார்கள். ஒருவரோடு ஒருவர், ரவுண்டு ரவுண்டாக. ஜோடி ஒரு எதிரடிக்கும் இருவரும் சேர்ந்து அடிக்கும் பெரிய அடிக்கும் மட்டும் தலைகாட்டிவிட்டுப் போகும்.

காரணம் பின்னால்தான் விளங்கியது. அந்த மெஷினில் பிரதான நினைவகம் 2 எம்பி, படத்துக்கு 1 எம்பி. நான்கு பேரின் அசைவுப் படங்களையும் ஒரே நேரத்தில் வைத்திருக்க அது போதாது. 1997இல் ஜப்பானில் மட்டும் வந்த சேகா சாட்டர்ன் மெஷினுக்கான பதிப்போடு நினைவகத்தைக் கூட்டும் 4 எம்பி கார்ட்ரிட்ஜ் சேர்ந்து வந்தது, அதில் ஆள் மாற்றம் அப்படியே இருந்தது. பிளேஸ்டேஷனில் அசைவுகளையும் வெட்டியிருந்தார்கள். வுல்வரின் கைவீசும்போது இடையில் படங்கள் விடுபடுவது கண்ணுக்கே தெரியும். பெரிய அடி விழும்போது எல்லாமே இழுபடும். லோடிங்கும் உண்டு.

இத்தனை வருடமும் அந்த டிஸ்க்கை வைத்திருக்கிறேன், அவ்வப்போது போட்டும் பார்க்கிறேன். கைப்பழக்கம் விட்டுப்போகாமல் இருக்க உதவுகிறது, கதாபாத்திரங்களின் அடிகளைக் கற்றுக்கொள்ளவும் போதும். ஆனால் இந்த விளையாட்டை இதில்தான் முதன்முதலாகப் பார்க்கிறவர், அது ஏன் எங்களை அந்தக் கடையில் மணிக்கணக்கில் நிறுத்தி வைத்தது என்று அறியவே மாட்டார். அது எனக்கு இன்னும் வருத்தம்தான்.

இப்போது வாங்க நினைப்பவர்கள் 2024 செப்டம்பரில் வந்த, பழைய விளையாட்டுகளின் தொகுப்பான மார்வல் வெர்சஸ் கேப்காம் ஃபைட்டிங் கலெக்ஷனை எடுங்கள். அதில் இருப்பது இந்த விளையாட்டின் ஆர்கேட் பதிப்பு. தம்பி போன மாதம் டொரொண்டோவிலிருந்து வந்திருந்தபோது வெள்ளவத்தை வீட்டில் அதைப் போட்டோம். அவன் வந்து உட்கார்ந்ததும் எதுவும் கேட்காமல் இரண்டு பொத்தான்களையும் அமுக்கினான். தால்சிம் உள்ளே பாய்ந்தார்.