ரைசன் 5600ஜி-யா, 5600-உம் பாவித்த கார்டுமா?

ஹட்டன், பண்டாரவளைப் பக்கத் தம்பிமார் கேமிங் கம்ப்யூட்டர் கட்டும்போது பலர் நிற்கிற இடம் இதுதான்: ரைசன் 5 5600ஜி ப்ராசசர் மட்டும் போடுவதா, ரைசன் 5 5600 ப்ராசசருடன் பாவித்த ஆர்எக்ஸ் 580 கிராபிக்ஸ் கார்டும் வாங்குவதா.

செலவு:
5600ஜி – கிராபிக்ஸ் உள்ளேயே இருக்கிறது, கார்டு வேண்டாம்.
5600 – கார்டு இல்லாமல் திரையில் படமே வராது.

வேகம்:
5600ஜி – வேலரன்ட் மாதிரி கேம்களுக்குப் போதும். ரேமை மட்டும் 8 ஜிபி இரண்டாகப் போடுங்கள், உள் கிராபிக்ஸ் அந்த ரேமைத்தான் பாவிக்கிறது, ஒன்றே ஒன்று போட்டால் வேகம் நன்றாகவே விழும்.
580 – பெரிய கேம்களுக்கு இதுதான், 8 ஜிபி கார்டாகப் பாருங்கள்.

கரண்ட்:
மலையில் பின்னேரம் இடி மின்னலோடு கரண்ட் போகிற காலத்தில் யூபிஎஸ் இல்லாமல் கேம் விளையாட வேண்டாம். 5600ஜி-க்கு 65 வாட், சின்ன யூபிஎஸ் தாங்கும். 580 கார்டுக்கே தனியாக 185 வாட், அதனால் பெரிய யூபிஎஸ், நல்ல பவர் சப்ளை இரண்டையும் கணக்கில் சேருங்கள்.

உழைப்பு: 580 வந்தது 2017-இல், கிரிப்டோ காசு மைனிங்கில் அடிபட்ட கார்டுகள் நிறைய. கொழும்பில் பம்பலப்பிட்டிக் கம்ப்யூட்டர் கடைகளுக்குப் போய் வாங்கினாலும் கேம் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

படிப்பும் கொஞ்சம் விளையாட்டும் என்றால் 5600ஜி, கார்டைப் பிறகு சேர்க்கலாம். பெரிய கேம்தான் வேண்டும், யூபிஎஸ்ஸுக்கும் காசு இருக்கிறது என்றால் மற்றது.